மகன் போனில் சாதிக் கெத்து

வணக்கம் மேடம். திருநெல்வேலி பக்கம் எங்கள் ஊர். மகன் பிளஸ் டூ. ஒரு வருஷமாக இன்ஸ்டாகிராமில் எங்கள் சாதிப் பெயர் போட்ட 'கெத்து' ரீல்ஸ்தான் பார்க்கிறான். அதையே ஸ்டேட்டஸும் வைக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகிதனோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவன் வேறு சாதி. கேட்டால், "அவனுங்க நம்மளப் பத்தி என்ன போட்டிருக்கானுங்க பாருங்க" என்று போனை நீட்டுகிறான். இரண்டு வாரம் போனைப் பிடுங்கி வைத்தேன். வேறு பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கியிருக்கிறான். அவன் அப்பா, "வயசுப் பையன், விடு" என்கிறார். என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

போனைப் பிடுங்கியதில் நஷ்டம் உங்களுக்குத்தான். முன்பு அவன் பார்ப்பதாவது உங்கள் கண்ணில் பட்டது.

அவன் நீட்டிய பதிவு அவனிடம் எப்படி வந்தது? பெரும்பாலும், யாரோ அதைத் திட்டுவதற்காகவே எடுத்துத் திரும்பப் போட்டிருப்பார்கள். இவன் நின்று பார்த்து, கமென்ட் வரை படித்திருப்பான். எத்தனை நொடி நின்றான் என்பது செயலிக்கு முக்கியமான கணக்கு. பிடித்து நின்றானா, எரிச்சலில் நின்றானா என்பது அதற்கு அவ்வளவாகத் தெரியாது. இன்ஸ்டாகிராமை நடத்தும் அதே கம்பெனியின் ஃபேஸ்புக் 2017-இல் கோப முகம் உட்பட எமோஜிகளுக்கு லைக்கைப் போல 5 மடங்கு மதிப்புக் கொடுத்தது. கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது 2020-இல்தான்.

சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிப் பையன்களை, திரையில் தெரிந்த புள்ளிகளை எண்ணியதை வைத்துப் பிரிப்பதாகச் சொல்லி, உண்மையில் இஷ்டத்துக்கு இரண்டு குழுவாக்கினார். காசு பங்கிடச் சொன்னபோது, அடுத்த குழுவைவிடத் தம் குழுவுக்கே கூடுதலாகப் பலரும் பங்கிட்டார்கள். புள்ளிக்கே இப்படி என்றால், சாதிக்குச் சொல்ல வேண்டுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை 20 நிமிடம் அவனோடு உட்காருங்கள். "இது தப்பு" என்று ஆரம்பித்தால் அதோடு முடிந்தது. "இதப் போட்டவன் யாருடா, எந்த ஊரு?" என்று கேளுங்கள். பல பக்கங்களில் ஆள் பெயரே இருக்காது. அதை அவனே பார்க்கட்டும். பிறகு அவன் கையாலேயே அந்த ரீல்களுக்கு 'ஆர்வமில்லை' கொடுக்கச் செய்து, அமைப்புகளில் பரிந்துரைகளையும் அழிக்கச் சொல்லுங்கள். அழித்த இடம் காலியாக இருந்தால் பழையதே வந்து உட்காரும். அந்த வாரமே கபடியோ பைக்கோ, அவனுக்குப் பிடித்ததைத் தேடிப் பார்க்கட்டும்.

சிநேகிதனோடு உங்களுக்குச் சண்டை இல்லையே. வழியில் பார்த்தால் "ஏன்டா வீட்டுப் பக்கமே வரல?" என்று நீங்களே கேளுங்கள். மகனை வைத்துக்கொண்டு சமாதானம் பேச வேண்டாம். ஸ்டேட்டஸைப் பார்த்து அந்தப் பையன் நொந்திருப்பான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அப்பாவின் பதில். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இதே சரக்கு ஓடுகிறதா, அவர் ஃபார்வர்ட் செய்கிறாரா என்று பாருங்கள். அது நிற்காமல் பையனை மட்டும் திருத்த முடியாது.

அரிவாளோடு ரீல், பெயர் சொல்லி மிரட்டல் என்று போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 17 வயதானாலும் வழக்கு வரும். 18 வயதுக்குள் உள்ளவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் வரை போகும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். அவன் தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தால் மனநல உதவி எண் 14416.