ஆண்டிபட்டி தொகுதி: கேளுங்கள், சொல்கிறேன்

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி சட்டமன்றத் தொகுதியைப் பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

ஐயா, எம்.ஜி.ஆர். ஓட்டுக் கேட்கவே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தாராமே?

ஆமாம். 1984 டிசம்பர் 24 அன்று வாக்குப்பதிவு நடந்தபோது அவர் நியூயார்க்கில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். வேட்புமனுவில் அங்கிருந்தே கையெழுத்துப் போட்டார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே ஊருக்குள் சந்தேகம் கிளம்பியது. அவர் படுக்கையில் இருப்பதையும் சாப்பிடுவதையும் படமெடுத்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். 30,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பித்தான் பதவியேற்றார்.

அவருக்கு முன்னால் யார்?

1980இல் நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன், அ.தி.மு.க. சார்பில். 1962இல் பக்கத்துத் தேனித் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக ஜெயித்தவரும் இவர்தான். அந்தத் தேனித் தொகுதி 2008 மறுசீரமைப்பில் இல்லாமல் போய்விட்டது.

சினிமாக்காரர் யார் நின்றாலும் ஆண்டிபட்டி ஓட்டுப் போட்டுவிடும், அப்படித்தானே அண்ணே?

இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. 1989ஐப் பாருங்கள். எம்.ஜி.ஆர். மறைந்து ஒரு வருடம் கடந்திருந்தது. கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலையும் முடங்கியது. ஜானகி அம்மாள் இரட்டைப்புறா சின்னத்தில் கணவரின் தொகுதியான ஆண்டிபட்டிக்கே வந்து நின்றார். அவரும் நடிகைதான், முதல்வராக இருந்தவரும்கூட. ஆனால் ஜெயித்தது தி.மு.க.வின் ஆசையன். அதே தேர்தலில், கூப்பிடு தூரத்துப் போடியில் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் வென்றார்.

கட்சி ஒன்றுசேர்ந்ததும் 1991இல் தொகுதி அ.தி.மு.க.வுக்குத் திரும்பியது. 1996இல் மறுபடி ஆசையன். முகத்துக்காக மட்டும் போடுகிற ஓட்டாக இருந்தால் இப்படி மாறி மாறி விழுமா?

2001இல் நின்றது ஜெயலலிதாவா, தங்க தமிழ்ச்செல்வனா? குழப்பமாக இருக்கிறது.

மனு போட்டது இருவரும். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய ஊழல் வழக்கில் கிடைத்த தண்டனையால் ஜெயலலிதாவின் மனு இங்கே தள்ளுபடியானது. கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டையில் போட்டவையும் ஏற்கப்படவில்லை. மாற்று வேட்பாளர் தங்க தமிழ்ச்செல்வன் சட்டமன்றம் போனார். எம்.எல்.ஏ. ஆகாமலே ஜெயலலிதா முதல்வரானார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. பக்கத்துப் பெரியகுளத்து எம்.எல்.ஏ. ஓ.பன்னீர்செல்வம் அந்த நாற்காலிக்கு வந்தார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்ததும் தமிழ்ச்செல்வன் இடத்தை விட்டுக்கொடுத்தார். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா 40,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் வென்று மறுபடி முதல்வரானார். 2006லும் இங்கேதான். 2011இல் ஸ்ரீரங்கம் போய்விட்டார்.

அண்ணன் தம்பி மோதிய தேர்தல் எது?

2011, 2016 இரண்டிலும் ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன், 2017இல் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்த 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். அதனால் வந்த 2019 இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்கு அண்ணன் மகாராஜன், அ.தி.மு.க.வுக்குத் தம்பி லோகிராஜன். அண்ணன் வென்றார். 2021இலும் அதே இருவர், அதே முடிவு.

இரண்டு முதல்வர்களைக் கொடுத்த தொகுதிக்குத் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்ததா?

தீரவில்லை. எனக்கு ஆற்றாமை இதில்தான். வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகை கடமலைக்குண்டு வழியாக இந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது. 1959இல் திறந்த வைகை அணையும் ஆண்டிபட்டியை ஒட்டித்தான். அணைத் தண்ணீர் போவது கீழே, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். அவர்களுக்கும் அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மேட்டு நிலத்தில் மல்லிகை போட்டிருப்பவர் மழையையும் கிணற்றையும் நம்பித்தான் இருக்கிறார். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கண்மாய்க்குத் தண்ணீர் எப்போது வரும் என்றுதான் இங்கே முதலில் கேட்பார்கள்.