கண்மாயில் படகிலிருந்து ஏர்கன் சுட்டுப் பழகலாமா?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இந்த வருஷம் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து கிடக்கிறது. மச்சானிடம் மீன் பிடிக்கிற சின்னப் படகு இருக்கிறது. பரணில் தாத்தாவின் ஏர்கன் கிடந்தது. காலி பாட்டில்களை மிதக்கவிட்டுப் படகிலிருந்து சுட்டுப் பழகலாம் என்று நினைத்தோம். துப்பாக்கியோடு கரைக்குப் போனாலே ஊரில் முறைக்கிறார்கள். தாத்தா காலத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லையாம். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா?"

லைசென்ஸ் விஷயம் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள், இருந்து, குழலை விட்டுப் புறப்படும் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாவிட்டால் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் வேண்டும். பழைய ஏர்கன்களில் 0.22 அளவும் உண்டு. குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று துடைத்துப் பாருங்கள். 0.22 என்றிருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டாம். காவல் நிலையத்தில் விஷயத்தைச் சொல்லி என்ன செய்வதென்று கேளுங்கள்.

சரி, 0.177 தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கண்மாயில் வேண்டாம் என்பதே என் பதில். காரணம் சட்டமில்லை, தண்ணீர்.

படகில் உட்கார்ந்து சுடும்போது துப்பாக்கி முனை தண்ணீர் மட்டத்திலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும். பாட்டில் பத்து மீட்டர் தள்ளி மிதக்கிறது என்றால் குண்டு ஏறக்குறைய ஐந்து டிகிரிச் சாய்வில்தான் தண்ணீரைத் தொடும். உருண்டையான ஈயக் குண்டு அந்தச் சாய்வில் தண்ணீருக்குள் இறங்குவதும் இறங்காததும் அதிர்ஷ்டம். இன்னும் தள்ளி மிதந்தால் சாய்வு இன்னும் குறையும். சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லை வீசித் தத்தவிட்டோமே, அதுபோலக் குண்டு எகிறிப் போகும். எஃகு உருண்டை இன்னும் மோசம். அடிமுனை விரிந்த சாதாரண பெல்லட் அவ்வளவு சுலபமாக எகிறாது. ஆனால் தண்ணீரையே தொடாமல் பாட்டிலுக்கு மேலே போனால் அதுவும் நூறு மீட்டரைத் தாண்டிப் போகும். எதிர்க்கரையில் கருவேல மறைவில் ஆடு மேய்ப்பவர் உட்கார்ந்திருப்பார். தெர்மாகோல் மிதவையில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருப்பார். (தெர்மாகோல் என்றதும் வைகை அணை நினைவுக்கு வந்து சிரிக்க வேண்டாம், நம் பக்கத்தில் பலருக்குப் படகே அதுதான்.) குழலின் பின்னாலிருந்து பார்க்கும்போது இவர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள்.

அடுத்தது படகு. தாத்தாவின் ஏர்கன் பெரும்பாலும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற ரகமாகத்தான் இருக்கும். கட்டையைத் தொடையில் ஊன்றி, ஒரு கையால் குழலை அழுத்தி இழுத்து மடக்க வேண்டும். தரையில் இது ஒரு நொடி வேலை. சின்னப் படகில் அதே அழுத்தம் படகைச் சாய்க்கும், மற்றக் கை பிடிமானம் தேடும், துப்பாக்கி முனை எதிரே உட்கார்ந்திருக்கிற மச்சான் பக்கம் திரும்பும். குறி பார்க்கும்போதும் அலையோடு முனை மேலும் கீழும் போகும். குறியைத் தாண்டுகிற அந்தக் கணத்தில் விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் தரைக்கு வந்த பிறகும் லேசில் போகாது.

ஊர் முறைப்பதைப் பற்றி. தாத்தா காலத்தில் கண்மாயில் துப்பாக்கி என்றால் வாத்து, நாமக்கோழி வேட்டை. 1972-இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் சிலகாலம் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று நிலைமை வேறு. வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளும் என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. உங்கள் மேலூருக்குப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர்கன்களைத் தாங்களாக ஒப்படைக்கச் சொல்லி அரசே இயக்கம் தொடங்கியது, கிராமத்தார் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீங்கள் பாட்டிலைத்தான் சுடுகிறீர்கள் என்பது கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அது ஏர்கன்னா, நாட்டுத் துப்பாக்கியா என்றுகூட அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. அவர் போலீசுக்குப் போன் போட்டால் நான் அவர் பக்கம்தான். ஈயக் குண்டுகள் வேறு கண்மாய் அடியில் கிடக்கும். மணல், கூழாங்கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்கும், ஈயம் அவற்றுக்கு விஷம். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டை 1991-இலேயே தடை செய்ததற்கு இதுதான் காரணம்.

ஆடும் இடத்திலிருந்து சுட்டுப் பார்க்கிற ஆசை மட்டும் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத, சுற்றுச்சுவருள்ள உங்கள் இடத்தில், காற்றடித்த லாரி ட்யூப் மேல் பலகை போட்டு உட்காருங்கள். படகின் ஆட்டம் ஏறக்குறைய கிடைத்துவிடும். பத்து மீட்டரில் அட்டைக் குறி, அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கு, அகலம் தாராளமாக இருக்கட்டும். ஸ்பிரிங் ஏற்றுவதும் குண்டு போடுவதும் பலகையை விட்டு இறங்கித் தரையில் நின்று, முனை மணலைப் பார்க்க. மச்சான் எப்போதும் உங்களுக்குப் பின்னால். ஆட்டத்தோடு மல்லுக்கட்டாமல், துப்பாக்கி முனை குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, அது வரும் வழியில் விசையை மெதுவாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

அதற்கு முன்னால் துப்பாக்கியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பரணில் வருஷக்கணக்கில் கிடந்ததில் தோல் வாஷர் காய்ந்திருக்கும். குண்டு போடாமல் சும்மா சுட்டுப் பார்த்தால் ஸ்பிரிங்கும் போய்விடும்.