ஆபரேஷனோடு செலவு முடிவதில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 53. மார்பில் இருந்த கட்டியை பயாப்சி செய்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்கிறார்கள். ஆபரேஷனுக்கு மூன்றரை லட்சம் ஆகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 19,000. அப்பா இல்லை, அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஊரில் இருக்கும் அரை ஏக்கரை விற்றுவிடலாமா டாக்டர்? மொத்தம் எவ்வளவு ஆகும்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, நிலத்தைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? சம்பளத்தில் 0.75 சதவீதம் என்றால் 19,000-க்கு மாதம் 143 ரூபாய் வரும். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்களையே நம்பியிருக்கும் அம்மாவும் அதில் சேர்த்தி. அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கம்பெனி அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பயாப்சி ரிப்போர்ட்டோடு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கத்தில் கோவை சிங்காநல்லூரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே இல்லாத சிகிச்சைக்கு வெளி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று அதற்கொரு கணக்கு உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளமே வருடத்துக்கு 2,28,000 வருகிறது, அதனால் உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. கட்டிய பில்லோடு வந்து நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த அலைச்சலுக்கு ஓரிரு வாரம் போனால் நோய் கைமீறிப் போய்விடாது. மாதக்கணக்கில்தான் தள்ளக் கூடாது.

இனி 'மொத்தம் எவ்வளவு' என்ற கேள்வி. உங்களுக்குச் சொன்ன மூன்றரை லட்சம் ஆபரேஷனுக்கு மட்டும். ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் இந்த வகையில் கீமோ உண்டு, பலருக்கு ரேடியேஷனும் உண்டு. கூடவே டிராஸ்டுசுமாப் என்ற ஊசியை மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஏறக்குறைய ஒரு வருடம் போட வேண்டும். 18 ஊசி வரை ஆகும். பணத்தை விழுங்குவது இந்த ஊசிதான். ஒரு அம்மாவுக்கு நகையை விற்று ஏசி அறையில் ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து ஊசி முடிந்ததும் என்னிடம் வந்து, "இதோட நிறுத்திக்கலாமா சார்?" என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது. அதனால் முதல் பணம் கட்டும் முன், முழு சிகிச்சைக்குமான திட்டத்தை எழுதி வாங்குங்கள். ஹெர்-2 வகையில் பலருக்குக் கீமோவையும் ஊசியையும் முதலில் கொடுத்துவிட்டுத்தான் ஆபரேஷன் செய்வோம். உங்கள் அம்மாவுக்கு எது முதலில் என்று கட்டாயம் கேளுங்கள்.

ஊசியில் செலவைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பயோசிமிலர். அதே மருந்துக்கு இணையாக வேறு நிறுவனங்கள் தயாரிப்பது. இந்தியாவில் 2013-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. விலை குறைவு, நான் தயங்காமல் எழுதுகிறேன். இன்னொன்று, மிச்ச மருந்து. முதல் ஊசி கிலோவுக்கு 8 மி.கி., அடுத்தவை 6 மி.கி. அம்மா 55 கிலோ என்றால் முதல் தடவை 440, அப்புறம் ஒவ்வொரு தடவையும் 330. 440 மி.கி. குப்பியோடு வரும் திரவத்தில் கலந்து, ஃபிரிட்ஜில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். அடுத்த ஊசி 21-வது நாள்தானே? மிச்சம் 110 அதற்கு உதவும். இப்படிப் போட்டால் 18 ஊசிக்கு 14 குப்பி போதும். ஒவ்வொரு தடவையும் புதுக் குப்பி உடைத்தால் 18. ஆனால் மிச்சத்தை மருத்துவமனையே பத்திரப்படுத்த வேண்டும், வீட்டு ஃபிரிட்ஜ் ஆகாது. "குப்பியைப் பங்கிட்டுப் போடுவீர்களா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சென்னைக்குப் போக நேர்ந்தால், புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணம் முழுத் தள்ளுபடி, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் படிவம் தருவார்கள். வண்டிச் செலவு, சாப்பாடு, நீங்கள் போடும் லீவு, மூன்று மாதத்துக்கொரு எக்கோ (இதய ஸ்கேன்) என்று பில்லில் வராத செலவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நிலம் இப்போதைக்கு இருக்கட்டும். அவசரத்தில் விற்றால் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவின் எடையைக் குறித்துக்கொண்டு போங்கள். ஊசிக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.