பழைய ஆங்கில நாளிதழ்களில் ‘இன்ஸ்டன்ட்’ என்றால் எந்தத் தேதி?

வாசகர் கேள்வி: லண்டன் டைம்ஸ் நாளிதழின் 1805 நவம்பர் 7 இதழில் வந்த டிரஃபால்கர் கடற்போர்ச் செய்தியை மொழிபெயர்க்கிறேன். அதில் ‘திங்கட்கிழமை, 21 இன்ஸ்டன்ட்’ என்று இருக்கிறது. இன்ஸ்டன்ட் என்றால் உடனடி என்றுதானே பொருள்? அதை விட்டுவிட்டு நவம்பர் 21 என்று எழுதினால், பேப்பர் அச்சான பிறகு போர் நடந்ததுபோல் ஆகிறதே?

பதில்: உங்கள் சந்தேகம் சரிதான், அது நவம்பர் 21 இல்லை. இன்ஸ்டன்ட் என்ற சொல் தேதிக்குப் பின்னால் வந்தால் ‘இந்த மாதம்’ என்று பொருள். லத்தீன் வழக்கிலிருந்து வந்தது இது. இதற்கு இரண்டு கூட்டாளிகளும் உண்டு: அல்டிமோ என்றால் போன மாதம், ப்ராக்ஸிமோ என்றால் அடுத்த மாதம். இடத்தை மிச்சப்படுத்த இன்ஸ்ட், அல்ட், ப்ராக்ஸ் என்று சுருக்கி அச்சிடுவார்கள். ஜனவரியில் எழுதிய செய்தியில் ‘28 அல்ட்’ என்று பார்த்தால் ஆண்டையும் ஒன்று குறைக்க மறக்காதீர்கள்.

சரி, ‘இந்த மாதம்’ என்றால் யாருடைய இந்த மாதம்? பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். அந்தச் சொல் பேப்பரின் முகப்புத் தேதியோடு சேர்ந்தது அல்ல, அந்த வரியை எழுதியவரின் தேதியோடு சேர்ந்தது. அன்றைய இதழ்கள் கடிதங்களையும் அரசு அறிக்கைகளையும் வேறு ஊர்ப் பத்திரிகைச் செய்திகளையும் அப்படியே எடுத்துப் போட்டன. உள்ளே இருக்கும் தேதிகளை யாரும் மாற்றி எழுதவில்லை.

நீங்கள் படிப்பது கடற்படைத் துணைத்தளபதி காலிங்வுட்டின் அறிக்கை. பிரிட்டிஷ் கப்பற்படையின் தளபதி நெல்சன் போரில் இறந்துவிட்டதால் அரசுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு அவருக்கு வந்தது. டிரஃபால்கர் முனைக்கு அருகே, யூரியாலஸ் கப்பலிலிருந்து அக்டோபர் 22 என்று தேதியிட்டு எழுதினார். எனவே அவருடைய ‘21 இன்ஸ்டன்ட்’ அக்டோபர் 21. அது லண்டன் வந்து சேர்ந்தது நவம்பர் 6-ஆம் தேதி அதிகாலையில். இடையில் மாதம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அவர் கிழமையையும் எழுதியது நமக்கு நல்ல வசதி. 1805 அக்டோபர் 21 திங்கட்கிழமை, நவம்பர் 21 வியாழக்கிழமை. கிழமை கிடைக்கும்போதெல்லாம் இப்படிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பிரிட்டன் 1752 செப்டம்பரில்தான் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய இதழ்களுக்கு இன்றைய கிழமைக் கணக்கு பொருந்தாது.

ஆக, முதலில் தேட வேண்டியது செய்தியின் தலையிலோ கடிதத்தின் அடியிலோ உள்ள இடமும் தேதியும். பத்தி நடுவே மேற்கோள் தொடங்கினால் அதற்குத் தனித் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே பத்தியில் இரண்டு வெவ்வேறு ‘இந்த மாதங்கள்’ வருவதுண்டு. தந்தி வருவதற்கு முன்பு சென்னையிலிருந்து போன கடிதம் லண்டன் இதழில் வரப் பல மாதங்கள் ஆகும். அதிலுள்ள இன்ஸ்டன்ட்டை அச்சான மாதமாக எடுத்துக்கொண்டால் அரை வருடம் கூடப் பிசகிவிடும். குடும்ப வரலாறு தேடுபவர்கள் திருமண, மரண அறிவிப்புகளில் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் ‘இம்மாதம் 21-ஆம் தேதி திங்கட்கிழமை’ என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே சதுர அடைப்புக்குறிக்குள் [1805 அக்டோபர் 21] என்று போடுங்கள். நம் அழைப்பிதழ்களில் வரும் ‘நிகழும்’ என்ற சொல்லும் பொருந்தும்தான், ஆனால் போர்க்கள அறிக்கையில் மங்கல வாடை அடிக்கும்; நான் தவிர்ப்பேன். மூலத்தில் மாதப்பெயர் இல்லை என்பது வாசகருக்குத் தெரிய அந்த அடைப்புக்குறி அவசியம்.