ஊற்ற ஆள் கிடைக்கும், அண்டா கழுவ யார் வருவார்கள்?

“இலவசக் கஞ்சி வழங்கும் எங்கள் குழுவில் சேர்பவர்கள் ஒரே மாதத்தில் விலகிவிடுகிறார்கள். சான்றிதழ் கொடுத்தால் நிலைப்பார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலைக்க மாட்டார்கள். சான்றிதழுக்காக வருபவர் அதை வாங்கிய மறுநாள் எதற்கு வரப்போகிறார்? உங்கள் குழுவில் கரண்டி பிடிப்பது யார், அண்டா கழுவுவது யார் என்று பாருங்கள். சட்டை கசங்காத ஆண்கள் முன்னால் நின்று ஊற்றுவார்கள். பூண்டு உரிப்பதும் அடிப்பிடித்ததைச் சுரண்டுவதும் பெண்கள் தலையில் விழும். முதலில் விலகுவதும் அவர்கள்தான்.

கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனை வாசலில் காலையில் கஞ்சி கொடுக்கிறோம். நொய், பாசிப்பருப்பு, சீரகம், வெந்தயம், பூண்டு, அவ்வளவுதான். நோயாளிக்கு உள்ளே உணவு உண்டு. துணைக்கு இருப்பவர்தான் பட்டினி. இன்று ஊற்றியவரே இன்று கழுவ வேண்டும் என்று விதி வைத்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், “சேவைக்கு வந்தவனிடம் வேலை வாங்குகிறாயா?” என்று கோபித்துக்கொண்டு போனார். போகட்டும். பூண்டு உரித்த பெண்கள் இன்றும் வருகிறார்கள்.

ஆள் தேடிக் கல்லூரிகளுக்கு அலையாதீர்கள். மாணவர்களைக் குறை சொல்லவில்லை, தேர்வு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் வரிசையிலேயே ஆள் இருக்கிறது. தாயை வார்டில் சேர்த்துவிட்டுத் தூக்குவாளியோடு நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், அம்மா வீடு திரும்பிய பிறகு வந்து, “செவ்வாய்க்கிழமை மட்டும் தண்ணீர் பிடித்துத் தருகிறேன் அண்ணே” என்றார். வேறு நாளில் அவரைக் கூப்பிடவே மாட்டேன். கூப்பிட்டால் செவ்வாயும் போய்விடும்.

உடனே ஒருவர், “வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லையே, அங்கே ஆளுக்குப் பஞ்சமா?” என்று கேட்பார். ஐயா, தைப்பூசத்துக்கு அங்கே இலட்சக்கணக்கில் கூடுகிறார்கள். எங்கள் வாசலுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு நீங்கள் வருகிறீர்களா?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எங்களுக்குக் கிடைப்பது 19 கிலோ வணிக சிலிண்டர். ஓட்டலுக்கு என்ன விலையோ அதே விலை. சிலிண்டர் விலை ஏறினால் ஓட்டல்காரர் இட்லி விலையை ஏற்றிவிடுவார். நாங்கள் எதை ஏற்றுவது?