ஆபீஸ் பொங்கல் விருந்து: பொறுப்பு யாருக்கு?

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் எங்கள் ஆபீஸில் 120 பேருக்குப் பொங்கல் விருந்து. அல்சூரிலிருந்து கேட்டரிங். பகல் 1 மணிப் பந்திக்குக் காலை 9 மணிக்கே சாப்பாட்டை இறக்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். ஏதாவது ஆனால் அவர்கள்தானே பொறுப்பு?
– வாசகி, பெங்களூரு

பதில்: சமைத்ததற்கு அவர்கள் பொறுப்பு. வாங்கி வைத்த பிறகு அது எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது என்பது உங்கள் கணக்கு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டரிங்காரருக்கு உரிமம் அல்லது பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைப் பில்லில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

9 மணி வேண்டவே வேண்டாம். டிராஃபிக்கைச் சாக்குச் சொல்வார்கள். 12 மணிக்குள் வந்தால் போதும் என்று எழுதி வாங்குங்கள். சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பாத்திரத்தின் நடுவில் விட்டுப் பாருங்கள். மேலே ஆவி பறப்பதை நம்பாதீர்கள். பஃபே பாத்திரத்தின் அடித்தட்டில் கொதிநீர் ஊற்றியிருக்க வேண்டும். அதன் அடியில் எரியும் சிறு தீ சூட்டைக் காக்குமே தவிர, ஆறிய சாம்பாரைச் சூடாக்காது.

பயப்பட வேண்டியது சோறு. அதிலுள்ள ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தயிர்சாதத்துக்கான சோற்றை அண்டாவில் குவித்து ஆறவிடாமல், அகலத் தட்டில் பரப்பச் சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னியைச் சிறு சிறு கிண்ணமாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள்.

வயிற்றுப்போக்கு உள்ளவர் பரிமாறக் கூடாது, மேனேஜரே ஆனாலும். மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொடுக்கும் நம் வழக்கம் நல்லதுதான். ஆனால் இரண்டு மணி நேரம் வெளியில் ஆறிக் கிடந்ததைக் கட்டாதீர்கள்.