என்னுடையது 1980-களின் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) சேசிஸ் மீது வீடு கட்டிய பழைய மோட்டார்ஹோம். அதில் பெட்ரோல் முள் எப்போதும் ‘எஃப்’பைத் (டேங்க் நிறைவு) தாண்டியே நிற்கிறது. டேங்க்கை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

உடனே இறக்காதீர்கள். நான் எடுத்த எடுப்பில் அதைத்தான் செய்தேன். இரண்டு நாள் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து டேங்க்கை இறக்கி, புது சென்டர் யூனிட் (sender, டேங்க்குக்குள் இருந்து பெட்ரோல் அளவை முள் உள்ள கேஜுக்குச் சொல்லும் கருவி) போட்டு, திரும்ப ஏற்றிச் சாவியைத் திருப்பினால் முள் அசையவே இல்லை. கடைசியில் பார்த்தால் சேசிஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில், சென்டரின் எர்த் ஒயரைப் பிடித்திருந்த ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்துப் போயிருந்தது. உப்புத்தாள் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

1980-களின் ஜிஎம் சேசிஸ் என்று சொல்லியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்தக் கால ஜிஎம் சென்டரில் டேங்க் காலியாக இருந்தால் சுமார் 0 ஓம், நிரம்பியிருந்தால் சுமார் 90 ஓம். ஒயர் எங்காவது அறுந்தாலோ எர்த் விட்டுப்போனாலோ மின்தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். டேங்க் வழிகிறது என்று கேஜ் நினைத்துக்கொள்ளும். எர்த் அரைகுறையாக இருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அது இன்னும் மோசம், நம்பிப் போய் நடுவழியில் நிற்போம்.

பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் கணக்கு தலைகீழ்: காலிக்கு 73 ஓம், நிரம்பினால் 10 ஓம் அளவு. ஒயர் அறுந்தால் முள் காலியில் கிடக்கும். நான் கீழே சொல்லும் சோதனையை அந்த வண்டிகளில் நேரடியாகச் செய்தால் கேஜ் கெட்டுப்போகலாம்.

முதலில் டேங்க்குக்கு வரும் சென்டர் ஒயரின் கனெக்டரைத் தேடுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போதே அதைக் கழற்றி, கேஜ் பக்கத்து முனையை ஒரு ஜம்பர் ஒயரால் சுரண்டிய சேசிஸ் இரும்போடு இணைத்துவிட்டு, அதன் பிறகு சாவியைப் போடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டிக்கடியில்தான் தங்கும், அங்கே ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது. முள் ‘ஈ’க்கு (காலி) இறங்கினால் கேஜும் நீண்ட ஒயரும் நலம், கோளாறு டேங்க் பக்கம். இறங்காவிட்டால் முன்பக்கம் தேடுங்கள். மோட்டார்ஹோமில் சேசிஸ் ஒருவர் செய்வது, மேலே வீடு கட்டுவது இன்னொருவர். நடுவில் ஒயரை வெட்டி ஒட்டிய இடங்கள்தான் பெரும்பாலும் பச்சை பிடித்துக் கிடக்கும். இரட்டை டேங்க் என்றால் மாற்றும் சுவிட்சையும் பாருங்கள்.

டேங்க் பக்கம்தான் என்று தெரிந்தால், ஜம்பரை எடுத்துவிட்டு கனெக்டரைத் திரும்ப மாட்டுங்கள். சென்டரின் எர்த் ஒயரிலிருந்து சேசிஸின் சுத்தமான இடத்துக்குப் புதிதாக ஒரு ஒயர் இழுங்கள். எனக்கு வேலை அங்கேயே முடிந்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் கனெக்டரைக் கழற்றி, சென்டர் முனைக்கும் அதன் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பாதி டேங்க்குக்கு 45-ஐ ஒட்டி வர வேண்டும். மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பிச்சுருள் போய்விட்டது, அப்போது இறக்க வேண்டியதுதான். அதற்கு முன் பெட்ரோலை முடிந்தவரை காலி செய்துவிடுங்கள், 200 லிட்டர் என்றால் பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 150 கிலோ.

அதுவரை ட்ரிப் மீட்டரை நம்பி ஓட்டுங்கள். ஜெனரேட்டரும் இதே டேங்க்கிலிருந்து குடிப்பதாக இருந்தால் இன்னொரு துப்பும் உண்டு. பல வண்டிகளில் அதன் உறிஞ்சு குழாயைக் குட்டையாக வைத்திருப்பார்கள், கால் டேங்க் வாக்கில் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். ஒரு ராத்திரி அது திக்கித் திக்கி அணைந்தபோது ஜெனரேட்டரும் போச்சு என்று திட்டிக்கொண்டே கார்புரேட்டரைப் பிரிக்க உட்கார்ந்தவன் நான்.